வார்பேண்ட்: கூட்டாளி, லார்டு, சொந்த ராஜ்யம் – எப்படிக் கட்டி மேய்க்கிறது?

#1 கோட்டைக்கல்

மாட் (ரசிகர்கள் செஞ்ச மாற்றம்) எதுவும் போடாத மவுண்ட் அண்ட் பிளேட் வார்பேண்ட் கேம், வெர்ஷன் 1.174. இப்போதைக்கு ஸ்வாடியா நாட்டில் ஹார்லாஸ் ராஜாவுக்குக் கீழே லார்டா (பிரபுவா) இருக்கேன். ரினோன் (புகழ்) 900, லீடர்ஷிப் 6, காரிஸ்மா (ஆளுமை) 18. ஒரு கேசில், இரண்டு கிராமம் கையில் இருக்கு. தனி ராஜ்யம் ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னாடி மூணு விஷயம் தெளிவாகணும்.

ஒண்ணு, கூட்டாளிகள் (பேரும் கதையும் உள்ள, நம்ம கூட வர்ற தனி ஆட்கள்) பதினோரு பேர் இருக்காங்க, ஓயாம ஒருத்தர் மேல ஒருத்தர் புகார். யாரை வச்சுக்கணும், யாரை அனுப்பணும்? ரெண்டு, ரைட் டு ரூல் (ஆளும் தகுதிக்கான புள்ளி) இப்போ பூஜ்யம், அதை எப்படி ஏத்துறது? மூணு, மத்த ராஜாக்களோட லார்டுகளை இழுத்தா நிலம் கொடுக்கணும், ஒருத்தனுக்குக் கொடுத்தா நாலு பேர் மூஞ்சியைத் தூக்கறாங்க. கூட்டாளிகளுக்கே நிலம் கொடுத்துட்டா என்ன?

#2 ஹஸ்கார்ல்_பாசறை

முதல் கேள்விக்கு மட்டும் இப்போ.

மொத்தம் 16 கூட்டாளிகள். ஒவ்வொருத்தருக்கும் பிடிச்ச ஆள் ஒருத்தர், ஆகாத ஆட்கள் ரெண்டு பேர். அதனால பதினாறையும் ஒண்ணா வச்சு நிம்மதியா ஓட்ட முடியாது. எட்டு பேர் வரைக்கும் சண்டையே இல்லாம சேர்க்கலாம்:

ஆர்ட்டிமெனர், லெசாலிட், ரோல்ஃப், பாஹெஷ்டூர், அலாயென், இமிரா, ஃபிரெண்டிஸ், போர்ச்சா.

இதுல ஆர்ட்டிமெனர்–லெசாலிட், ரோல்ஃப்–பாஹெஷ்டூர், அலாயென்–இமிரா மூணும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்ச ஜோடி. அதனால மனக்குறை சேராது, சேர்ந்தாலும் சீக்கிரம் ஆறிடும். இவங்களோட சேர்க்கவே கூடாத ஆட்களில் சிலர்: மார்னிட் (அலாயெனுக்கும் பாஹெஷ்டூருக்கும் ஆகாது), கேட்ரின் (பாஹெஷ்டூர், ஃபிரெண்டிஸ்), புண்டுக் (லெசாலிட், ரோல்ஃப்), தேஷாவி (ரோல்ஃப், போர்ச்சா), ஜெரெமஸ் (ஆர்ட்டிமெனர்).

இன்னொன்னையும் கவனிங்க. இந்த எட்டுல அலாயென், ஃபிரெண்டிஸ், லெசாலிட், பாஹெஷ்டூர், ரோல்ஃப் அஞ்சு பேரும் பிரபு வம்சம்னு கேம் கணக்கு வச்சிருக்கு. ரோல்ஃபோட வம்சக் கதையை யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா கேம் நம்புது. உங்க மூணாவது கேள்விக்கு இது பின்னாடி உதவும்.

சண்டை இல்லைன்னா புகாரே வராதுன்னு அர்த்தம் இல்லை. கிராமத்தைக் கொள்ளையடிச்சா சிலருக்கு ஆகாது, போரை விட்டு ஓடினா சிலருக்கு, சம்பளமோ சாப்பாடோ தட்டினா சிலருக்கு, ஆள் நிறைய செத்தா சிலருக்கு. பார்ட்டியோட (நம்ம படையோட) மொராலை (மன உறுதியை) உயரத்திலேயே வச்சிருந்தா இந்தக் குறைகள் அமுங்கிடும். அதுக்கு மலிவான வழி சாப்பாட்டு வகை. ரொட்டி மட்டும் நாப்பது மூட்டை வாங்காதீங்க. மீன், சீஸ், தேன், சாசேஜ், ஆப்பிள்னு ஒவ்வொண்ணிலும் ஒண்ணு ரெண்டு இருந்தா ஒவ்வொரு வகையும் தனித்தனியா மொராலைக் கூட்டும்.

#3 வெள்ளைக்கழுகு

ஜெரெமஸ் இல்லாத பட்டியலா? சர்ஜரி யாரு பார்ப்பா?

#4 ஹஸ்கார்ல்_பாசறை

இமிரா. லெவல் 1-ல் வெறும் கையோட வர்றதுதான் அவளோட பலமே. என்னவா வேணும்னாலும் வளர்த்துக்கலாம். ஜெரெமஸ் வரும்போதே வைத்தியரா வர்றாருங்கிறது உண்மை, ஆனா அவருக்காக ஆர்ட்டிமெனரை விடணும், அதோட எஞ்சினியர் (முற்றுகை, கட்டுமான) ஸ்கில் போகும். ஆர்ட்டிமெனர் வேண்டாம்னா தாராளமா மாத்திக்கலாம், மத்த ஏழு பேருக்கும் ஜெரெமஸோட பிரச்சினை இல்லை.

#5 பட்டறைத்தரை

ஸ்கில் பத்தி யாரும் விளக்கலையே, நான் சொல்றேன்.

எந்த ஸ்கில்லும் அதுக்குரிய ஆட்ரிபியூட்டை (அடிப்படைத் திறனை) மூணால வகுத்தா வர்ற எண்ணுக்கு மேல ஏறாது. சர்ஜரி இன்டெலிஜன்ஸ் சார்ந்தது. சர்ஜரி 6 வேணும்னா இன்டெலிஜன்ஸ் 18, பத்துக்கு 30. அதனால இமிராவுக்கு முதல் லெவல்களில் கிடைக்கிற ஆட்ரிபியூட் பாயின்ட் எல்லாம் இன்டெலிஜன்ஸுக்குத்தான். அதுல ஏத்துற ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதலா ஒரு ஸ்கில் பாயின்ட்டும் கிடைக்கும்.

அடிபட்டு விழுந்த வீரன் சாகாம மயங்கி மட்டும் விழ அடிப்படை வாய்ப்பு 25 சதவீதம். சர்ஜரி லெவல் ஒவ்வொண்ணுக்கும் 4 கூடும். சர்ஜரி 6-ன்னா 49. விழற ரெண்டு பேர்ல ஒருத்தன் பிழைக்கிறான். ஹஸ்கார்ல் (நார்டு நாட்டோட உச்சக் காலாள்) மாதிரி வளர்க்க மாசக்கணக்காகிற ஆட்களை வச்சிருக்கும்போது இதுதான் உங்க கஜானாவையே காப்பாத்துற ஸ்கில்.

சர்ஜரி, பாத்ஃபைண்டிங், எஞ்சினியர், டாக்டிக்ஸ் மாதிரி பார்ட்டி ஸ்கில்லில் கூட்டத்தில் யாருக்கு அதிகமோ அதுதான் எடுபடும். உங்க சொந்த லெவல் 2 இருந்தா அது மேல +1, 5 இருந்தா +2, 8-க்கு +3, 10-க்கு +4. ஆக எட்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சர்ஜரி ஏத்துறது வீண். ஒருத்தருக்கு ஒரு துறை: இமிராவுக்கு மூணு வைத்திய ஸ்கில், போர்ச்சாவுக்கு பாத்ஃபைண்டிங், ஸ்பாட்டிங், டிராக்கிங், ஆர்ட்டிமெனருக்கு எஞ்சினியர்.

டிரெய்னர் இதுக்கு நேர் எதிர். அது ஆளுக்கு ஆள் தனித்தனியா வேலை செய்யும். நாலு பேருக்கு டிரெய்னர் இருந்தா நாலு பேரும் தினமும் பயிற்சி கொடுப்பாங்க. நிபந்தனை ஒண்ணுதான்: பயிற்சி கொடுக்கிறவரோட லெவலுக்குக் கீழே இருக்கிற வீரனுக்கு மட்டும்தான் அனுபவம் சேரும். லெவல் 10 கூட்டாளிக்கு டிரெய்னர் எவ்வளவு ஏத்தினாலும் லெவல் 20 வீரன் ஒரு அடி நகர மாட்டான்.

வைத்தியரைப் போரில் முன்னாடி விடாதீங்க. அவர் மயங்கி விழுந்துட்டா அவரோட பார்ட்டி ஸ்கில் அந்த நேரத்துக்கு எடுபடாது. பார்ட்டி பட்டியலில் அவரை எல்லாருக்கும் கீழே தள்ளி வச்சா பெரிய சண்டையில் கடைசியாத்தான் களத்துக்கு வருவார்.

#6 கோட்டைக்கல்

பட்டியலை மேலே கீழே நகர்த்தினா களத்துக்கு வர்ற வரிசையே மாறுமா? அப்போ மேலே யாரை வைக்கிறது?

#7 பட்டறைத்தரை

மாறும். கோட்டை முற்றுகைன்னா ஹஸ்கார்ல் மேலே, வெட்டவெளின்னா குதிரைக்காரன் மேலே. புது ஆட்களை எப்பவும் அடியில்.

#8 தென்கரை_சுல்தான்

ரைட் டு ரூலுக்கு வர்றேன். நீங்க இன்னும் ஹார்லாஸுக்குக் கீழே இருக்கும்போதே ஆரம்பிக்கலாம், அதுதான் நல்லது. கூட்டாளிகிட்ட பேசி, நீங்கதான் கால்ராடியாவை (கேம் நடக்கிற நிலப்பரப்பை) ஆளத் தகுதியானவர்னு ஊர் ஊரா சொல்லிட்டு வர அனுப்பலாம். ஒரு ஆளுக்கு ஒரு முறைதான், திரும்பி வந்ததும் +3. எட்டு பேரை அனுப்பினா 24. பதினாறு பேருக்கும் 48. அதனால ஒத்துப்போகாத கூட்டாளிகளையும் உடனே கழட்டி விடாதீங்க. போய்த் திரும்பற வரைக்கும் அவங்க பார்ட்டியில் இருக்க மாட்டாங்க, சண்டையும் வராது. போய் வந்ததும் வழியனுப்பிடலாம், பிறகு வேணும்னா ஏதாவது டவர்னில் (மதுக்கடையில்) அகப்படுவாங்க.

ஒரே நேரத்தில் எல்லாரையும் அனுப்பிடாதீங்க. வைத்தியர் இல்லாத மாசத்தில் பெரிய முற்றுகைக்குப் போனா விளைவு தெரியும்தானே.

கல்யாணமும் ரைட் டு ரூலைக் கூட்டும். ராஜாவான பிறகு மத்த நாடுகளோட சமாதானம் பண்ணாலும் கூடும். இது தாழ்ந்திருந்தா மத்த ராஜாக்கள் உங்களை அரசனாவே மதிக்க மாட்டாங்க, ஆளுக்கொரு பக்கம் படையெடுப்பாங்க. நாப்பதைத் தொடாம கொடியை ஏத்தாதீங்கங்கிறது என் கருத்து.

கொடி ஏத்துற விதமும் முக்கியம். ராஜாகிட்ட நேரா போய் விசுவாசத்தைத் துறந்தா நிலத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுத்தான் வரணும். அதுக்குப் பதிலா நீங்களே பிடிச்ச ஒரு கேசிலையோ டவுனையோ உங்களுக்கே வேணும்னு கேளுங்க. ராஜா வேற ஒருத்தனுக்குத் தூக்கிக் கொடுத்தா அப்போ எதிர்த்து வெளியேற வழி வரும். நிலம் உங்ககிட்டயே நிக்கும், ஆனா பழைய ராஜாவோட அன்னிக்கே போர்.

#9 வெள்ளைக்கழுகு

டிரிம் டவுனைப் பிடிச்சு அங்கேயே ஆரம்பிக்கலாமா? நடுவுல இருக்கு, எல்லா ஊரும் பக்கம்.

#10 தென்கரை_சுல்தான்

எல்லா ஊரும் பக்கம்னா எல்லா எதிரியும் பக்கம். டிரிம் வழியாப் போகாத படையே கிடையாது. ஓரமா, ஒரு பக்கம் கடலோ மலையோ இருக்கிற ஊரைப் பாருங்க. மேற்குக் கடலோரத்து யாலென் அருமையான இடம். ரோடோக் நாட்டுக்கு யாலெனையும் சேர்த்து மூணே டவுன்தான், ஜெல்கலாவும் வெலூகாவும் அடுத்தடுத்து விழுந்தா ஒரு மூலை முழுக்க உங்களுது. நார்டு பக்கமும் மூணு டவுன்தான், ஆனா கோட்டைச் சுவரில் ஹஸ்கார்லை எதிர்கொள்றது ஆரம்ப ராஜ்யத்துக்குத் தாங்காது.

#11 ஹஸ்கார்ல்_பாசறை

யாலென் சரி. ஆனா ஸ்வாடியாவில் இருந்து பிரியறவர் ஸ்வாடியாவோடதான் போரில் இருப்பார். யாலென் ஸ்வாடியா கையில் இருந்தாத்தான் இந்த யோசனை செல்லும். இல்லைன்னா ஒரே நாளில் ரெண்டு நாட்டோட போர். முதலில் ஸ்வாடியாவுக்காக யாலெனைப் பிடிங்க, ராஜா மறுக்கட்டும், அப்புறம் பிரியுங்க.

#12 மூன்றாம்_மணி

லார்டு பிடிக்கிற விஷயம் எழுதறேன், இதுலதான் நிறைய பேர் குழம்பறாங்க.

ஒவ்வொரு லார்டுக்கும் ஒரு குணம் உண்டு. நேர்மையானவன், நல்ல மனசுக்காரன், வீரப் பிரியன், கணக்குப் போடுறவன், சண்டைக்காரன், இரக்கமில்லாதவன், ஒழுக்கம் கெட்டவன். ராஜாக்களைத் தவிர இது புது கேமுக்குப் புது கேம் மாறும். அதனால இன்னொருத்தர் கேமில் நல்லவனா இருந்த லார்டு உங்க கேமில் அப்படியே இருப்பான்னு எடுத்துக்காதீங்க. குறிப்புப் பக்கத்தில் குணம் எழுதியிருக்காது. பேசற தொனியில்தான் கண்டுபிடிக்கணும். கடுகடுன்னு எடுத்தெறிஞ்சு பேசறவன் சண்டைக்காரன், குடியானவங்களைப் பத்திக் கவலைப்படுறவன் நல்ல மனசுக்காரன்.

கூப்பிட வேண்டியது முதல் மூணு வகையைத்தான். நேர்மையானவனும் நல்ல மனசுக்காரனும் லேசில் வர மாட்டாங்க, வந்துட்டா லேசில் போகவும் மாட்டாங்க. கெட்டவன் கூப்பிட்ட உடனே வருவான், அடுத்தவன் கூப்பிட்டா உங்க கோட்டையோட போவான். அதைவிடப் பெரிய தொல்லை, அவன் உள்ளே இருந்தாலே நல்லவங்களுக்கு ஆகாது. அவங்களுக்குள்ள உறவு குறைஞ்சுகிட்டே வரும், கடைசியில் பழி உங்க மேல.

பேசறதுக்கு முன்னாடி அவனைத் தனியாப் பிடிக்கணும். மத்த லார்டுகள் சூழ நிக்கும்போது ரகசியம் பேச மாட்டான். அவனோட ராஜா மேல அவனுக்கு என்ன அபிப்பிராயம்னு முதலில் கேளுங்க. ராஜாவைப் பிடிக்காதவன், நிலம் இல்லாதவன், உங்க எல்லைக்குப் பக்கத்தில் நிலம் வச்சிருக்கிறவன், இந்த மூணு பேர்தான் சுலபம். தூரத்தில் நிலம் வச்சிருக்கிறவன் வந்தா அவனோட கோட்டை எதிரி நாட்டுக்கு நடுவுல தனியா மாட்டும், ரெண்டு வாரத்தில் போயிடும். அப்புறம் நிலமில்லாத லார்டா உங்க வாசலில் வந்து நிப்பான்.

அடுத்து எந்த வாதத்தை எடுக்கிறீங்க. உரிமை, நாட்டை ஒண்ணாக்கறது, குடிமக்களைக் காக்கிறது, நிலம் தர்றதுன்னு பல வழி வரும். நல்ல மனசுக்காரனுக்குக் குடிமக்கள் வாதம், பேராசைக்காரனுக்கு நிலம். ஆனா ஆளுக்கு ஆள் மாத்தி மாத்திப் பேசினா கேம் அதைக் கணக்கு வச்சிக்கும், முன்னாடி வேற காரணம் சொன்னீங்களேன்னு எடை குறையும். ஒண்ணு ரெண்டு வாதத்திலேயே நில்லுங்க. நிலம் தர்றேன்னு சொல்லிட்டு கொடுக்காம இழுத்தா அவன் உறவு சரியும், அப்படிச் சொன்ன எல்லாருக்கும் கொடுக்க நிலமும் இருக்காது. அந்த வாதத்தைத் தொடாம இருக்கிறதே உத்தமம்.

பெர்சுவேஷன் (பேசி மனசை மாத்துற) ஸ்கில் இன்டெலிஜன்ஸ் சார்ந்தது, அது உங்க சொந்த ஸ்கில், கூட்டாளிகிட்ட இருந்து கடன் வாங்க முடியாது. 4-ஆவது இல்லாம கிளம்பாதீங்க.

உறவு வளர்க்கச் சிறந்த இடம் போர்க்களம்தான். தோத்த லார்டைப் பிடிக்காம போகவிட்டா அவனோட உறவும் உங்க ஹானரும் (நற்பெயரும்) கூடும். ஹானர் ஏறினா நல்ல குணத்து லார்டுகளுக்கு உங்களைத் தானாப் பிடிக்கும். பிடிச்சு ரான்சம் (மீட்புப் பணம்) வாங்கினா காசு வரும், அவ்வளவுதான்.

#13 கோட்டைக்கல்

நன்றி மூன்றாம்_மணி. இப்போ நிலம். அஞ்சு பிரபு கூட்டாளிகளுக்கும் ஆளுக்கொரு கேசில் கொடுத்துட்டா வெளி லார்டே தேவையில்லையே?

#14 தென்கரை_சுல்தான்

தேவையில்லைதான். முழு ராஜ்யத்தையும் கூட்டாளிகளை வச்சே ஓட்டலாம். நன்றியோட வருவாங்க, அவங்களுக்குப் பழைய ராஜான்னு ஒருத்தர் கிடையாது.

#15 பட்டறைத்தரை

சுல்தான் சொல்றதில் பாதிதான் சரி. நிலம் கொடுத்த நிமிஷம் கூட்டாளி பார்ட்டியை விட்டு லார்டா வெளியே போறாங்க. அவங்க ஸ்கில் உங்களுக்கு இல்லை. அவங்க உடம்பில் போட்டிருக்கிற கவசத்தைத் திரும்ப எடுக்க அதுக்கப்புறம் வழி இல்லை, கொடுக்கிறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. லெசாலிட்டுக்கு டிரெய்னர் ஏத்தி வளர்த்திருந்தா அவரைக் கடைசியா அனுப்புங்க. முதலில் ரோல்ஃபும் பாஹெஷ்டூரும். சண்டைக்காரங்க, பார்ட்டி ஸ்கில் எதையும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.

பிரபு வம்சம் இல்லாத போர்ச்சாவுக்கோ இமிராவுக்கோ கொடுத்தா மத்த லார்டுகள் முகம் சுளிப்பாங்க. வெளி லார்டே இல்லாத ராஜ்யத்தில் அது பெரிய விஷயமில்லை, பத்து லார்டுகளை இழுத்து வச்சிருந்தா விஷயம்தான்.

கிராமம் கொடுக்கிறதா, கேசில் கொடுக்கிறதாங்கிறதையும் யோசிங்க. சுவர் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் லார்டோட படை அளவு 20 கூடும். கிராமத்துக்கு அது கிடையாது, வருமானம் மட்டும்தான். போர் செய்யணும்னு நினைக்கிற ஆளுக்குக் கேசில் கொடுங்க. நிலமில்லைன்னு முணுமுணுக்கிறவனை அடக்க ஒரு கிராமம் போதும். கேசிலைப் பிடிச்சா அதோட கிராமமும் சேர்ந்து வருது, ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுக் கொடுக்கலாம். கேசில் ஒருத்தனுக்கு, கிராமம் இன்னொருத்தனுக்குன்னா ரெண்டு பேர் வாயை அடைச்ச மாதிரி ஆச்சு.

#16 மூன்றாம்_மணி

ஒத்துக்கிறேன், ஒரு சேர்க்கை. யாருக்குக் கொடுத்தாலும் ஆசைப்பட்ட மத்தவங்க உறவு குறையும். அதைத் தவிர்க்க முடியாது, ஈடு கட்டத்தான் முடியும். ஈடு கட்ட விருந்து. கல்யாணம் ஆகியிருக்கணும், வீட்டுக் கையிருப்பில் விதவிதமான சாப்பாட்டுச் சாமான் போட்டு வச்சு மனைவிகிட்ட சொன்னா ஏற்பாடு பண்ணுவாங்க. போர் மும்முரமா நடக்கும்போது வச்சா யாரும் வர மாட்டாங்க. வர்ற லார்டுகளை ஒவ்வொருத்தரா போய்ப் பார்த்துப் பேசுங்க, கூடத்தில் நின்னுட்டு வந்துடாதீங்க.

மினிஸ்டர் பதவியும் மனைவிக்கே. கூட்டாளியை மினிஸ்டராக்கினா அவர் அரண்மனையிலேயே உட்கார்ந்துடுவார், பார்ட்டியில் ஒரு ஆள் குறைவு.

#17 வெள்ளைக்கழுகு

யாருக்கும் கொடுக்காம எல்லா டவுனையும் நானே வச்சிக்கிட்டா? 22 டவுன், ராஜா நான் ஒருத்தன்.

#18 பட்டறைத்தரை

வரி வீணாகிற விகிதம் நிலம் கூடக் கூட ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல புது ஊர் சேர்த்தாலும் கைக்கு வர்ற காசு அதே அளவில் நிக்கும், ஆனா காவல் படைச் சம்பளம் மட்டும் ஏறும். நல்லா செழிச்ச டவுன் மூணு, நாலு போதும்.

சம்பளக் கணக்கு: கோட்டைக்குள் இருக்கிற வீரனுக்குப் பாதிச் சம்பளம். குதிரைக்காரனுக்கு அதே லெவல் காலாளைவிட மூணில் ரெண்டு பங்கு கூட. ஸ்வாடியா நைட்டும் நார்டு ஹஸ்கார்லும் ரெண்டுமே லெவல் 28, சுவருக்குள் நைட்டை அடைச்சு வச்சா குதிரைக்குத் தண்டச் சம்பளம். காவலுக்கு ரோடோக் குறுக்குவில் வீரன், சார்ஜென்ட், இல்லைன்னா ஹஸ்கார்ல். லீடர்ஷிப் லெவல் ஒவ்வொண்ணுக்கும் சம்பளம் 5 சதவீதம் குறையும், பார்ட்டியில் 5 ஆள் கூடும். கோட்டைக்கல் சொன்ன எண்ணுக்கு: அடிப்படை 30, ரினோனை 25-ஆல் வகுத்தா 36, லீடர்ஷிப்புக்கு 30, காரிஸ்மாவுக்கு 18, ஆக 114 பேர். இந்த எண்ணிக்கையோட டவுன் முற்றுகைக்குத் தனியாப் போகாதீங்க.

நிரந்தர வருமானம் தொழிற்கூடம்தான். சாயப்பட்டறை 10,000 டெனார் (கேம் காசு), வெல்வெட் தயாரிக்கும், பெரும்பாலான ஊரில் அதுக்குத்தான் லாபம் அதிகம். வாங்கறதுக்கு முன்னாடி கில்டு மாஸ்டர் (ஊர் வணிகர் தலைவர்) எதிர்பார்க்கிற லாபத்தைச் சொல்வார், அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அந்த ஊர் யார் கையில் இருக்கோ அவங்களோட போர் வந்தா பட்டறை முடங்கிடும். அதனால கொடி ஏத்துறதுக்கு முன்னாடியே நாலு நாட்டிலும் பரவலா போட்டு வைங்க.

கிராமத்தில் கட்டறதுன்னா முதலில் பள்ளிக்கூடம், மாசம் ஒரு உறவுப் புள்ளி வரும். எல்லையோரக் கிராமம்னா காவல் கோபுரம், கொள்ளையடிக்க எதிரிக்கு நேரம் கூட ஆகும். கேசிலில் சிறைக் கோபுரம் ஒண்ணு கட்டாயம். இல்லைன்னா பிடிச்சுப் போட்ட லார்டுகள் ஒவ்வொருத்தரா நழுவிப் போவாங்க. எஞ்சினியர் நல்லா இருந்தா கட்டுமானச் செலவு குறையும், ஆர்ட்டிமெனரை விடாதீங்கன்னு மேலே சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

#19 கோட்டைக்கல்

கடைசியா ஒண்ணு. யாலெனில் ஆரம்பிச்சு பின்னாடி ஸ்வாடியாவோட பிராவென் டவுன் கைக்கு வந்தா அரசவையை அங்கே மாத்த முடியுமா?

#20 ஹஸ்கார்ல்_பாசறை

முடியும். மினிஸ்டர்கிட்ட சொன்னா ஒரு சுருள் வெல்வெட்டும் ஒரு செட் டூல்ஸும் கேட்பார். ரெண்டும் உங்க இன்வென்டரியில் இருக்கணும். டூல்ஸ் சந்தையில் கிடைக்கும். வெல்வெட் சில ஊர் சந்தையில் மாசக்கணக்கா வராது. சாயப்பட்டறை இருந்தா அதோட மேஸ்திரிகிட்ட அடுத்த சரக்கை விற்காம கிடங்கில் வைக்கச் சொல்லுங்க, அந்த வாரம் முடிஞ்சதும் போய் எடுத்துக்கலாம்.